அஜிதாக்க முழுக்கைச் சட்டை

ஆகஸ்ட் 12, திங்கள்

பக்கத்து வீட்டு ரதீஷ் சைக்கிள்லேருந்து விழுந்து முட்டு ஒரஞ்சு வந்தான். எப்பவும் போல நான் கும்பிடுக அய்யாக்க திருமண்ணை அப்பப் போனேன். நேரம் பாத்து நர்ஸ் பெமிலா வந்துட்டா. "மண்ணை நெத்தியில போடுங்க அக்கா, புண்ணுல வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி சுத்தமான துணி வச்சுக் கட்டுங்க." எத்தன பிள்ளையளுக்கு இந்தக் கையால போட்டிருக்கேன்! கோவந்தான். ஆனாலும் கழுவினேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தம்பி மஸ்கட்ல. அவனுக்க பெஞ்சாதி பகவதியும் மக அஜிதாவும் எங்கூட. அஜிதா பிளஸ் ஒண்ணு படிக்கா. இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டை. பாத்திரம் விளக்குகப்போ சட்டையில ரத்தம் கசிஞ்சுது. பூனை பிறாண்டுச்சாம். வீட்டுல ஏது பூனை? சோப்பு போட்டுக் கழுவினேன். பக்கத்துல பழைய தழும்பு.

"நான்தான் அத்தை. அம்மைட்ட சொல்லாண்டாம்."

சுத்தமான துணி வச்சுக் கட்டினேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பாழாப்போன வாய். யாருக்கு நோவுன்னாலும் அய்யாவைக் கும்பிடுக தாங்கல்ல பேரச் சொல்லி எல்லாரும் சேந்து வேண்டுகது வழக்கம்தானே. அஜிதாக்க பேரையும் சொன்னேன், நோவையும் சொன்னேன். அன்னம் வாங்கித் திரும்புகதுக்குள்ள ஒருத்தி அவகிட்ட, "கையைக் காட்டு மக்கா, பாக்கட்டு"ங்கா. பிள்ள என்னைப் பாத்த பார்வை—

இனி எங்கிட்ட காட்டுவாளா? ஒளிச்சு ஒளிச்சு ஒருநாள்— வேண்டாம், எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 19

முகம் குடுக்கல்ல.

ஆகஸ்ட் 20

பெமிலாட்ட போனேன். பேரு சொல்லாமத்தான் கேட்டேன். ஏசாதீங்க, சாமி மேல சத்தியம் வாங்காதீங்கன்னா. சாகத் தோணுதான்னு நேராக் கேளுங்க, கேட்டதுனால நினைப்பு வந்துராதுன்னா. ஊருக்குத் தெரியாண்டாம், அம்மைக்கும் டாக்டருக்கும் தெரியணும்னா.

வந்து மொதல்ல அஜிதாட்ட மன்னிப்புக் கேட்டேன். பொறவு அதையும் கேட்டேன்.

"சாகணும்னு இல்ல அத்தை. உள்ள நெருக்குது. சொல்லத் தெரியல்ல."

அம்மைட்ட மறைக்க மாட்டேன், ரெண்டுபேருமா சேந்து சொல்லுவோம்னேன். சொன்னோம். பகவதி அழுதா. ஏசல்ல. கத்தி, பிளேடு எல்லாம் அவளே எடுத்துப் பூட்டினா.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நாகர்கோவில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என்னை வெளிய இருக்கச் சொன்னா. இருந்தேன். உள்ள என்ன பேசினாங்கன்னு கேக்கவும் இல்ல. வடசேரி பஸ் ஸ்டாண்டுல, தாங்கல்ல கையைக் காட்டச் சொன்ன அதே பொம்பளை, எங்க போயிட்டு வாறீங்கன்னு பிடிச்சா. பஸ் வருகது வரைக்கும் வெண்டைக்காய் விலையப் பத்தியே பேசினேன். விடுவேனா?

செப்டம்பர் 14, சனி

தேங்காய் திருவிட்டு இருந்தேன். அஜிதா வந்து பக்கத்துல இருந்தா. இன்னும் முழுக்கைதான். இருக்கட்டு.

"அத்தை, இன்னைக்கு நெருக்குது. ஒண்ணும் செய்யல்ல. அதான் இங்க வந்தேன்."

திருவலையத் தள்ளி வச்சுட்டு கையப் பிடிச்சேன். எவ்வளவோ சொல்லத் தோணிச்சு. அய்யா அய்யான்னு மனசுக்குள்ள சொல்லிட்டே சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு அவதான் என்னை ஏறிட்டுப் பாத்தா.

"என்ன அத்தை, வாயில கொழுக்கட்டையா?"