மிராசுதார் பிக்கப்பில் ஏறிய காற்று

இன்று காலை குடவாசல் சாலையில் ஒரு பழைய வேன் நின்றுவிட்டது. ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டார். டீசல் குழாயின் திருகைத் தளர்த்தி, என்ஜினிலுள்ள கைப்பம்பை அடித்தேன். நுரை நுரையாகக் காற்று வெளியேறி, பிறகு டீசல் வழிந்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டும் கையிலிருந்து அந்த வாடை போகவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நமக்குப் பட்டறைக் கொட்டகை ஒன்று, தொழில் ஒன்று, வயதும் ஒன்று. பேர் மட்டும் உனக்கு. மிராசுதாரின் பெட்ரோல் பிக்கப்புக்கு டீசல் என்ஜின் மாற்றினோமே, அதில் சேசிஸை அறுத்து, என்ஜின் உட்காரத் தாங்கிகளைப் பற்றவைத்து, ஒரு மாதம் மல்லாந்து கிடந்தவன் நான். கியர் பாக்ஸோடு சேர்க்கும் தகட்டை அராவியவன் நீ. வண்டி கிளம்பியதும் மிராசுதார் உன் தோளைத் தட்டி, "கைன்னா இதுல்ல கை" என்றார். எனக்கு வயிறெரிந்தது. "பத்த வச்சதெல்லாம் இவந்தாங்க" என்று நீ என்னைக் காட்டினாய். அதைக் கேட்டு இன்னும் எரிந்தது.

ஆட்சி மாறி, டீக்கடைகளில் குத்தகைச் சட்டமே பேச்சாக இருந்த காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்பில் இறங்குவோம் என்று ஊர் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். வெளியூர் ஆட்களை ஏற்றிவர மிராசுதார் பிக்கப்பை அனுப்பினார். முந்தின நாள்தான் அது நம் கொட்டகைக்கு வந்துபோயிருந்தது. களத்தைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது.

நம் இருவரையும் கூப்பிட்டார்கள். நீ குனிந்து பார்த்து, "பம்பு போயிடுச்சுங்க. தஞ்சாவூருக்குத்தான் அனுப்பணும், நாலு நாள் ஆவும்" என்றாய். நானும் எட்டிப் பார்த்தேன். டீசல் குழாயின் இணைப்பு தளர்ந்து காற்று ஏறியிருந்தது, அவ்வளவுதான். உன் கண்ணுக்குத் தப்பியது என் கண்ணில் பட்டுவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேர் முன்னால், "பம்பு நல்லாத்தாங்க இருக்கு, காத்துதான்" என்றேன். இணைப்பை முறுக்கிக் காற்றை எடுத்தேன். வண்டி கிளம்பியது. மிராசுதார் என் தோளைத் தட்டினார்.

நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நீ முறுக்கிய இணைப்பு ஒருநாளும் தானாகத் தளர்ந்ததில்லை. "நல்லா எடுத்தடா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாய்.

வெளியாட்கள் வந்தார்கள், நெல் களம் சேர்ந்தது, ஊர் ஆட்கள் பழைய கூலிக்கே திரும்பினார்கள். பம்புக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று வண்டிக்காரர்கள் உன்னைக் கேலி செய்துவிட்டு என்னைத் தேடி வந்தார்கள். ஆசைப்பட்ட பேர் கிடைத்தும் எனக்கு ருசிக்கவில்லை.

உன் சாவுக்கு அந்த அறுப்பாட்களின் தெருவே திரண்டு வந்தது. அன்று அறுப்புக்கு இறங்க மறுத்தவர்களில் ஒருத்தி, இப்போது தலை நரைத்தவள், என்னிடம் வந்தாள். "உங்க மேல எங்களுக்கு வருத்தமில்லீங்க. 'இணைப்பத் தளத்தி வுட்டத அவங்கிட்ட நான் சொல்லல, அது என் தப்பு, தெரியாமதான் அவன் கெளப்பிட்டான்'னு அவரு எப்பவும் சொல்லுவாரு" என்றாள்.

தெருவுக்கே சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. உனக்காக அழுதவர்கள் நடுவே நின்று அதற்கும் பொறாமைப்பட்டேன். ஆனால் முந்தின நாளே நீ சொல்லியிருந்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேனா? மிராசுதார் கை என் தோளில் விழட்டும் என்று அப்போதும் வண்டியைக் கிளப்பியிருப்பேனோ? இத்தனை வருடமாகியும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. உனக்கு அன்றே தெரிந்திருக்கிறது.