இடது கையால் ஒரு சமாதானம்

சுவாமே, குமாசி
பிப்ரவரி 25, புதன்

அன்புள்ள தம்பி போவாடு,

என் வலது கையின் பிடி இப்போது பதினேழு கிலோ. இன்று காலை ஆஸ்பத்திரியில் அளந்து, சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தவள் ஜிஃபா, எனக்குக் கைப்பயிற்சி தருகிற பெண். அக்டோபரில் அளந்தபோது மூன்று கிலோ.

ஒட்டுப்பலகை ஆலையின் உருளைகளுக்கு நடுவே போய் வந்த கையை என்னால் பார்க்கக்கூட முடியாமல் இருந்தது உனக்குத் தெரியாது. தைத்தாயிற்று, இனி விரலை மடக்கு என்றார்கள். பயத்தில் விரல் அசையவில்லை. ஜிஃபா என் கண்களை மறைக்கும்படி, கணினி விளையாட்டுக் காட்டும் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டாள். அதற்குள் ஒரு தக்காளித் தோட்டம். அங்கே எனக்குத் தழும்பே இல்லாத கை. உள்ளங்கையில் இருக்கும் ரப்பர் பந்தை அழுத்தினால் அங்கே தக்காளியைப் பறிக்கலாம். அளவு மீறினால் பழம் நசுங்கும், புள்ளி கிடையாது.

ஒவ்வொரு பழத்திலும் ஆலை மேற்பார்வையாளர் அசியாமாவின் முகத்தை வைத்துக்கொண்டேன். ஒருநாள் முப்பதில் இருபத்தெட்டு நசுங்கின.

"அக்கா, பறிக்கச் சொன்னா கொலை பண்றீங்களே. தோட்டக்காரன் கேஸ் போடப் போறான்" என்று ஜிஃபா சிரித்தாள்.

"போடட்டும். அந்தக் கேஸாவது சீக்கிரம் முடியும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அசியாமா இரண்டு பெரியவர்களோடும் இரண்டு ஸ்நாப்ஸ் மதுப் புட்டிகளோடும் நம் மாமா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க வந்தார். புட்டிகளை ஏற்றுக் கை கொடுத்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது, ஆலைமேல் நான் போட்ட வழக்கையும் திரும்பப் பெற்றுவிட வேண்டும். கழுத்திலிருந்து தொங்கும் துணியில் வலது கையை வைத்துக்கொண்டு போனேன். அந்தத் துணி இனி தேவையில்லை என்று ஜிஃபா சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

இடது கையை நீட்டினேன். நம் ஊரில் அது எவ்வளவு பெரிய வசை என்று உனக்குத் தெரியும்.

"அடிபட்ட பொண்ணு, பாவம். அவகிட்ட இருக்கறது இந்தக் கைதானே. புடிச்சுக்கோப்பா" என்றார் ஒரு பெரியவர்.

அசியாமா இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "உன் மனசு பெரிசும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் விட்டதும் வலது கையைத் துணியிலிருந்து எடுத்தேன். ஒரு புட்டியைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி அவர் காலருகே வைத்தேன். பிறகு இரண்டாவதை வைத்தேன். முதலில் நீட்டிய கை வசைதான் என்று எல்லோருக்கும் அப்போதே புரிந்துவிட்டது.

"ஏண்டி, அவனை அசிங்கப்படுத்த என் வீட்டு முற்றம்தான் கெடைச்சுதா? பெரியவங்களுக்கு அபராதமா ஒரு ஆடு கட்டி மன்னிப்புக் கேளு" என்று மாமா கத்தினார்.

"கட்டுறேன் மாமா. பெரியவங்களுக்கு மட்டும்" என்றேன்.

நீ மூன்று முறை போனில், "விட்டுடுக்கா, பழி வாங்கி என்ன ஆகப்போகுது" என்றாய். ஹாம்பர்க் வேலைக்கு அசியாமா உனக்கு நற்சான்றுக் கடிதம் தந்தது எனக்குத் தெரியும். அதைத் தருவதற்கு முந்தின வாரம்தான் என் கை போனது. அப்போது ஆலையில் மெக்கானிக் நீ ஒருவன்தான். உருளைக்கு முன்னால் இருக்கும் காப்புத் தகட்டை நானே கழற்றினேன் என்கிறது ஆலை. அதைக் கழற்றும் சாவியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

விசாரணை மார்ச் 19, வியாழக்கிழமை. எழுத்து வாக்குமூலங்கள் 12ஆம் தேதிக்குள் சேர வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். உன்னுடையது மட்டும் இன்னும் வரவில்லை. கழற்றச் சொன்னது யார் என்று மட்டும் எழுது, போதும். கழற்றியது யார் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. இதுவரை கேட்கவில்லை.

உன் பத்து விரலும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உன் அக்கா
செர்வா