நீ எந்த டப்பா என்று கேட்டாயே

அன்புள்ள சுண்டு,

நானும் உன் அம்மாவும் இங்கே நலம். இந்த வரியைப் பழக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவுகிறவன்தான் நான், ஆனால் இந்த முறை 'நலம்' என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். உன் அம்மா இரண்டு காலிலும் நின்று பாத்திரம் கழுவுகிறாள், தண்ணீர் சொட்டுகிற குழாயை வாய் ஓயாமல் திட்டுகிறாள், அதனால் நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதை வெறும் விருப்பமாக எடுத்துக்கொள்ளாதே, இது அப்பாவின் கட்டளை, ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று தாளும் பேனாவும் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் அனுப்ப முடியாத ஒரு பொருளை இந்த உறையில் வைத்திருக்கிறேன். அதை இப்போதே எடுத்துப் பார்க்காமல் முதலில் கடிதத்தைப் படி. நீ பார்த்துவிட்டுத்தான் படிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும், உன் அம்மா வயிற்றில் பிறந்தவள்தானே.

போன மாதம் உன் அம்மாவுக்குக் காலில் லேசாக அடிபட்டது, சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னோம் அல்லவா, அது பாதி உண்மை. குளியலறையில் வாளி விளிம்பு முழங்காலுக்குக் கீழே சிராய்த்துவிட்டது, அடிபட்டது அவ்வளவுதான். மூன்றாம் நாள் கால் வீங்கியது, எரிகிறது என்றாள், சாயங்காலம் போர்வைக்குள் கிடுகிடு என்று நடுங்கினாள். நான் காலைப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷமாகப் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவன், முதலாளி முதல் சுவர் அடிக்கிற ஆட்கள் வரை எல்லோரும் கலர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அந்தத் திமிரோடு குனிந்து பார்த்தேன். சிவப்பைத் தேடினேன். சிவப்பு இல்லை. "செவப்பே இல்லையே, வெறும் வீக்கம்தான், காலைத் தூக்கி வச்சுப் படு" என்று நானே வைத்தியம் சொல்லிவிட்டேன். மறுநாள் தெருமுனை டாக்டரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "செவந்திருந்தா பயப்படலாம், இது ஒண்ணும் இல்லம்மா" என்று காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் சொன்னதையே டாக்டரும் சொன்னாரே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அடுத்த நாள் காலையில் உன் அம்மாவால் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை, ஒருநாளும் என் பெயரைச் சொல்லாதவள் அரை மயக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அப்போதுதான் அந்தச் சுவர் டாக்டரம்மா ஞாபகத்துக்கு வந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் தன் அறைக்குப் பெயின்ட் கேட்டு அவரே கடைக்கு வந்திருந்தார். சாம்பல் நிறம் வேண்டும், ஆனால் அதில் மஞ்சள் சாயலும் கூடாது, ரோஸ் சாயலும் கூடாது, நீலமும் கூடாது என்று என் உயிரை வாங்கினார். கலந்து அனுப்பியதை நான்கு முறை திருப்பி அனுப்பினார். நாலு பேர் வந்து உட்கார்ந்து போகிற அறைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அன்று நான் முணுமுணுத்ததை உன்னிடம் போனில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த அறைக்குள் உன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது என் சாம்பல் சுவர்தான், அடுத்து அந்தச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்கள். ஆஸ்பத்திரிப் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் வெளுத்த கை, வெளுத்த முதுகு, அதில் பளிச்சென்று ஒரு சிவப்புத் திட்டு இருக்கும். இங்கே ஒரே நோயை ஏழெட்டுத் தோலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள், கோதுமை நிறம், மரப்பட்டை நிறம், காப்பிக்கொட்டை நிறம், இரும்பு மாதிரிக் கறுத்த நிறம். ஒவ்வொன்றிலும் அந்த நோய் வேறு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றது. நம் தோலை யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, பாடமாகப் படித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும், நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் நாற்காலியைத் தள்ள மறந்துவிட்டேன், உன் அம்மா அந்தக் காய்ச்சலிலும் என் இடுப்பில் இடித்தாள்.

டாக்டரம்மா முதல் வேலையாக ட்யூப் லைட்டை அணைத்தார். ஜன்னல் திரையை விலக்கிவிட்டு உன் அம்மாவைப் பகல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுவரின் சாயல் தோலில் விழுந்து கண்ணை ஏமாற்றக் கூடாது என்றுதான் அந்தச் சாம்பலுக்கு என் உயிரை வாங்கியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கையைத் திருப்பிப் புறங்கையை அந்தக் காலில் வைத்தார், பிறகு நல்ல காலில் வைத்தார், மறுபடி இதில் வைத்தார். விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, நாங்கள் அடித்த சுவரில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று சாய்ந்து பார்ப்போமே, அதே மாதிரி பக்கவாட்டில் பார்த்தார். நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்ட, சிவப்பு இல்லையே டாக்டர் என்றேன். "சிவப்பைத் தேடாதீங்க. நம்ம தோல்ல சிவப்பு சிவப்பா வந்து நிக்காது, கத்தரிக்காய்த் தோல் மாதிரி கன்னிப்போய் வரும், சில பேருக்குச் சாம்பலா வரும். தொட்டுப் பாருங்க, சூடு பொய் சொல்லாது" என்று என் கையைப் பிடித்து வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி கொதித்தது சுண்டு. கையை எடுத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன், அப்போது தெரிந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஊதாக் கலந்து ஒரு பெரிய திட்டு, ஓரமெல்லாம் தெளிவாக, மூன்று நாளாக என் கண் முன்னால் இருந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துப் போனது. அடுத்த நொடி வெட்கத்தில் செத்தேன். கரும்பழுப்புப் பெயின்டில் சிவப்பைச் சொட்டுவிட்டால் சிவப்பாகவா வரும்? கத்தரிக்காய் நிறம்தான் வரும், தினம் பத்துத் தடவை என் கையால் செய்கிற வேலை. கடையில் தெரிந்தது என் வீட்டுக்காரியின் காலில் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

தோலுக்கு அடியில் கிருமி பரவியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் இறங்கியிருக்கும் என்று சொல்லி அப்போதே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். நரம்பு வழியாக மருந்து ஏறியது. திட்டு பரவுகிறதா அடங்குகிறதா என்று பார்க்க ஓரத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும் என்று நர்ஸ் நீலப் பேனாவை எடுத்தாள், இரண்டு முறை போட்டும் கோடு எங்கே என்று தெரியவில்லை. என் சட்டைப் பையில் எப்போதும் வெள்ளை மெழுகுப் பென்சில் இருக்கும், டப்பா மூடியில் நம்பர் எழுதுவதற்கு, அதை நீட்டினேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, வாங்கித் துடைத்து அவரே கோடு போட்டார், பளிச்சென்று விழுந்தது. "என் கால் என்ன உங்க டப்பா மூடியா?" என்று உன் அம்மா கேட்டாள், மூன்று நாளுக்குப் பிறகு அவள் பேசின முதல் முழு வாக்கியம் அது. மறுநாள் காலை திட்டு அந்தக் கோட்டைவிட்டு ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு விரற்கடை. தினமும் விடிந்ததும் நானும் நர்ஸும் தலையோடு தலை முட்டிக்கொண்டு கோட்டைப் பார்ப்போம். ஆறு கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக, மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே அந்த மாதிரி, நோய் பின்வாங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். இப்போது அந்த வார்டில் எல்லா நர்ஸ் பையிலும் எங்கள் கடைப் பென்சில்தான்.

இனிமேல்தான் உன் விஷயம், உட்கார்ந்து படி. வீட்டுக்கு அனுப்புகிற அன்று மனசு கேட்காமல் உன்னைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் கறுத்துப்போகிறது என்கிறாள், காலையில் விரல் மடங்கவில்லை என்கிறாள், படி ஏறினால் அசந்துபோகிறாள், அங்கே இரண்டு இடத்தில் காட்டியும் முகத்தில் சிவப்பு ஒன்றும் இல்லை, வேலை அலுப்பு, போய்த் தூங்கு என்று அனுப்பிவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லி, போனில் உன் படத்தையும் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார். "இந்தப் போன் எல்லார் மூஞ்சிக்கும் வெள்ளையடிச்சுடும்ங்க, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். வெயிலில் போனால் கூடுகிறதா, முடி கொட்டுகிறதா, வாயில் புண் வருகிறதா என்று கேட்டார். முடி கொட்டுவதாக நீ போன வாரம் புலம்பியதைச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. என்ன நோய் என்று கேட்டதற்கு, "பாக்காம பேர் வைக்கக் கூடாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா ரத்தமும் சிறுநீரும் இந்த வாரமே பாக்கணும், சீக்கிரம் தெரிஞ்சா மருந்துல அடக்கி வச்சுக்கிட்டு நல்லா வாழலாம், விட்டா சிறுநீரகம் வரைக்கும் போகும்" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு இன்னொன்று சொன்னார். "செவந்திருக்கான்னு அங்க கேட்டா இல்லைன்னு சொல்ல வேணாம்னு சொல்லுங்க. என் நிறத்துல செவப்புன்னா இதுதான்னு சொல்லச் சொல்லுங்க." இதை நான் பெயின்ட் ரசீதுக்குப் பின்னால் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது சுண்டு, மறைக்க மாட்டேன். ஒரு தடவை 'சிவப்பு இல்லை' என்று சொல்லி உன் அம்மாவைத் தொலைக்கப் பார்த்தவன் நான்.

போன் படத்தால் உன் நிறத்தைக் கொண்டுவர முடியாது, என்னால் முடியும் என்று வீட்டுக்கு வந்த மறுநாளே கடையில் ஒரு டப்பாவைத் திறந்தேன். கடையில் நிறம் கலக்கிற மெஷின் இருக்கிறது, ஆனால் அதற்கு நிறத்தின் நம்பர் வேண்டும், உனக்கு நம்பர் கிடையாது. பழையபடி கரண்டியும் குச்சியும்தான். ஒரு பழுப்பை எடுத்துக் கொஞ்சம் இளக்கினால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன், சேறு வந்தது. மஞ்சள் விட்டேன், காவி விட்டேன், கறுப்புத் தொட்டேன், கறுப்புத் தொட்டதும் நிறம் செத்துப்போனது. ஒவ்வொரு தடவையும் அட்டையில் தீற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால் உன் அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு நீதிபதி மாதிரி, "இது அவ இல்ல" என்பாள். பத்து அட்டை இப்படிப் போயிற்று. பதினோராவதில் கறுப்பை விட்டுவிட்டு, எதற்கென்று எனக்கே தெரியாமல், நீலத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்கினேன். டப்பாவுக்குள்ளிருந்து நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கையில் குச்சியோடு அப்படியே நின்றுவிட்டேன். உனக்குள் நீலம் இருக்கிறது என்று பெற்றவனுக்கு முப்பது வருஷமாகத் தெரியாது. அட்டையைப் பார்த்ததும் உன் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த அட்டைதான் உறையில் இருக்கிறது. முதல் பட்டை உன் கன்னம், அடுத்தது அதே நிறத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு, மூன்றாவது இரண்டு சொட்டு. காலையில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்று, மாப்பிள்ளையை அட்டையைப் பிடிக்கச் சொல்லிக் கன்னத்தோடு வைத்துப் பார். ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போய், எங்கப்பா கலர் மாஸ்டர், என் நிறம் இது, செவப்பு ஏறினால் இப்படித்தான் தெரியும் என்று நேருக்கு நேராகச் சொல். அட்டை என்ன சொன்னாலும், எதுவுமே சொல்லாவிட்டாலும், ரத்தமும் சிறுநீரும் கொடுக்காமல் அங்கிருந்து எழுந்து வராதே. மாப்பிள்ளை கூட வரட்டும். வெயிலில் தொப்பி போடு, நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் அவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், இது எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம்.

ஒன்று மட்டும் பாக்கி. ஆறு வயதில் நீ கடைக்கு வந்து அடுக்கு அடுக்காக இருந்த பெயின்டைப் பார்த்து, "அப்பா, இதுல நான் எந்த டப்பா?" என்று கேட்டாய். வாடிக்கையாளர் காத்திருந்த அவசரத்தில் துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக் கேட்டுக்கு முதலில் அடிக்கிற கரும்பழுப்புப் பிரைமர் டப்பாவைத் தட்டிக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள், அதன்பிறகு நீ கடைக்கு வரவே இல்லை. அன்று நான் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டேன். இப்போது பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நீ எந்த டப்பாவிலும் இல்லை கண்ணு. பதினொரு தடவை கலந்துதான் உன்னைக் கண்டுபிடித்தேன், மூடியில் உன் பெயர் எழுதி, என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், அந்த நிறத்தை வேறு யாருக்கும் கலந்து கொடுக்க மாட்டேன்.

ரத்தம் கொடுத்ததும் போன் செய்.

இப்படிக்கு,
உன் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்த
உன் அப்பா