சூடு ஆறாத இயந்திரம்

லிமோன், கோஸ்டா ரிகா

அன்புள்ள டொமிட்டிலா,

நீயும் அம்மாவும் நலமா? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல, அறையில் கூட இருக்கும் ஃபெர்மின் எழுதுகிறான்.

செவ்வாய்க்கிழமை வாழைத்தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது அன்செல்மோவின் இயந்திரத்தில் பெட்ரோல் தீர்ந்தது.

"எஞ்சின் கொதிக்குதுடா, கொஞ்சம் ஆறட்டும்" என்றேன்.

"மழை வரப்போவுது, ஊத்துடா!" என்று மேஸ்திரி கத்தினார். அன்செல்மோ ஊற்றினான். சிந்திய பெட்ரோல் குப்பென்று பற்றியது. நைலான் சட்டை அவன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. மண்ணில் புரட்டி நான்தான் தீயை அணைத்தேன். எனக்குக் கையில் லேசான காயம்தான்.

அன்செல்மோ நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். சாவதற்கு முன் என்னிடம், "யாதிராகிட்ட நீயே சொல்லுடா" என்றான். என்னால் இப்போது வர முடியாது. அவன் மனைவியிடம் நீ போய்ச் சொல். சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிடாதே, அவளோடு இரு.

நேற்றும் மேஸ்திரி "ஊத்துடா" என்றாராம். எஞ்சின் ஆறும்வரை ஒருவரும் பெட்ரோல் கேனைத் தொடவில்லையாம்.

பருத்திச் சட்டை இரண்டு அனுப்பு. கை நல்ல அகலமாக இருக்கட்டும். பொத்தான் வேண்டாம், போட்டுவிட இங்கே யாரும் இல்லை. ஃபெர்மின் வேலைக்குக் கிளம்புகிறான்.

உன்
ரெமிகியோ