கழற்றாத கம்பளி

அக்கா,

அன்றைக்கு உங்களை நான் இப்படிக் கூப்பிட்டதில்லை. "இந்தாம்மா" என்பதோடு சரி. விவசாயப் பட்டம் வாங்கிய திமிர்.

இன்று காலை கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். 'தேயிலை நாற்றங்காலுக்குள் கொப்புள நோய் எப்படி நுழைகிறது?' என்பது கேள்வி. 'நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் கூலிப்பெண்ணின் கவனக்குறைவால்' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். என் புத்தகத்தில் இருக்கும் வரி, எழுத்துக்கு எழுத்து அப்படியே. சிவப்புப் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

நான் ஆய்வாளனாக இருந்த ஓவேலி எஸ்டேட்டில் நாற்றங்கால் உங்கள் பொறுப்பு. மழைக்காலத்தில் யார் வந்தாலும் படலுக்கு வெளியே, மழைக்குப் போர்த்திய கம்பளியைக் கழற்றிப் போட்டு, கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுவீர்கள். வெள்ளைக்காரத் துரையே உங்களுக்குக் கட்டுப்பட்டுக் கோட்டைக் கழற்றுவார். நான் மட்டும் கேட்கவில்லை. மேல்காட்டில் நோய் பிடித்த இலைகளைப் பறித்து, ஈரக் கம்பளி மடிப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் நாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க நேராக உள்ளே வந்தேன்.

"ஏனுங்க, பச்சப்புள்ள படுத்திருக்கற ஊட்டுக்குள்ள இப்படியா வருவாங்க?" என்றீர்கள்.

"மைக்ராஸ்கோப்புல பாத்தவனுக்கு நீ சொல்லித்தர்றியா?" என்று சிரித்தேன்.

மூன்று வாரத்தில் தளிரெல்லாம் கொப்புளம். உள்ளே யார் வந்தது என்று துரை உங்களைக் கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"நான் சொன்னா நல்லாருக்காதுங்க. அவரே சொல்லுவாருங்க."

நான் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சாக்குச் சொல்வதாகத் துரை முடிவுகட்டினார். வாய் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும், வேறொன்று கிடைத்திருக்கும். உங்களுக்கு வேலையோடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போனது. மறுநாள் காலை, கொட்டுகிற மழையில், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகளோடு நீங்கள் இறங்கிப் போனதை ஆய்வுக்கூட ஜன்னலில் நின்று பார்த்தேன். அடுத்த வருடம் மசினகுடிப் பக்கம் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று எஸ்டேட் லாரிக்காரர் சொன்னார். அதற்குள் அந்த நோயைப் பற்றிய என் அறிக்கை அச்சாகியிருந்தது. அதைக் காட்டித்தான் இந்தக் கல்லூரி வேலையை வாங்கினேன். நோய் வந்த வழியைக் கண்டுபிடித்தவன் என்று எனக்குப் பெயர். நான் நடந்து வந்த வழி, எனக்குத் தெரியாதா?

கம்பளியைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதையும் புத்தகத்தில் சேர்த்திருக்கிறேன், அக்கா. என்னுடைய யோசனையாக.

அந்தப் பையனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுதினான். 'அவரே சொல்லுவாருங்க' என்று நீங்கள் சொன்னது மட்டும் இத்தனை வருடமாக என்னோடு இருக்கிறது. நாளைக்கும் வகுப்பு உண்டு. அதே பாடம்தான்.