மணிக்கட்டில் மூன்று ரப்பர் பேண்ட்

அன்பு மகளுக்கு,

நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்து நலமாக இருக்கிறோம். நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன வாரம் என் மானத்தை நானே கப்பலேற்றினேன். கூடைப்பந்து ஆட்டத்தில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தபோது, எங்களுக்குரிய மூன்று டைம் அவுட்டும் தீர்ந்ததை மறந்து மறுபடி ஒன்று கேட்டுவிட்டேன். அதற்குத் தண்டமாக எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள்; தோற்றோம். இந்த வருஷத்தின் கடைசி ஆட்டமும் போனால் தலைமைப் பயிற்சியாளர் வேலையும் போகும் என்றார் கல்லூரிச் செயலாளர்.

மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். என் அணிப் பெண்கள் எனக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் தன் தலைமுடி ரப்பர் பேண்டில் மூன்றை என் மணிக்கட்டில் மாட்டினாள்.

"ஒரு டைம் அவுட் கேட்டா ஒண்ணைக் கழட்டுங்க சார். உங்க தலைக்குத்தான் இது தேவைப்படாதே."

நேற்று அந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தோம். ஒரு பேண்ட் கையிலேயே மிச்சமிருந்தது.

"அடுத்த வருஷமும் இருப்பீங்களா?" என்றார் செயலாளர்.

"இருப்பேன் சார். இவங்களை ஃபைனலுக்குக் கொண்டுபோகாம நகரமாட்டேன்."

கேப்டனின் பேண்டுகள் தளர்ந்துவிட்டன. உன் பழைய பேண்டுகள் மூன்றை அனுப்பி வை. பயிற்சிக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள், விசிலைத் தேட வேண்டும்.

அடுத்த வருஷ ஆட்டங்கள் தொடங்குவதற்குள் பத்து நாள் வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று மட்டும் செயலாளரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குரல் உடைந்திருக்கும்.

அப்பா