பின்சக்கரங்கள் லேசாகும் வேகம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

பூசை முடிந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். டேனி அண்ணன் கோயிலுக்கே வரவில்லை. அனந்தகுமார் அண்ணனின் வெள்ளைக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, புது ஸ்ப்ளிட்டரை முடுக்கிக்கொண்டிருந்தான். முன் பம்பருக்குக் கீழே நாக்கு நீட்டின மாதிரி ஒரு பலகை. வேகம் போகும்போது எதிர்க்காற்று அதை மேலிருந்து அழுத்தும். முன்சக்கரங்கள் தரையை விடாமல் பிடிக்கும். பழையதைவிட இது நாலு விரல் நீளம்.

"எப்படி கீது?" என்றான்.

அழகாகத்தான் இருந்தது. சொன்னேன். முகமெல்லாம் கிரீஸோடு சிரித்தான்.

களம்பூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் அனந்தகுமார் அண்ணனுக்குக் கார் சொந்தம். அதை மாற்றிக் கட்டுவது என் கூடப்பிறந்த அண்ணன் டேனி. ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவது நான் – வாரம் முழுக்க செய்யார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள். சொன்னால் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை.

இதே ஸ்ப்ளிட்டரை வேலூர் உதயா காருக்கும், ஊரைத் தாண்டாத இன்னும் சில கார்களுக்கும் போன மாதமே மாட்டிவிட்டான். உதயாவுடையதும் இதே மாடல் கார். சென்னையில் கார் பாகங்கள் விற்கும் ஒரு பெரிய கடை, இருபத்தெட்டாம் தேதி ட்ராக்கில் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் தொடர்ந்து வாங்குவதாகச் சொல்லியிருக்கிறது. அண்ணன் ஒரு வாரமாகத் தூங்கின மாதிரியே தெரியவில்லை.

ஜூன் 14, சனி

ட்ராக்கில் பிராக்டிஸ்.

மெதுவான திருப்பங்களில் கார் நான் பார்க்கிற பக்கமெல்லாம் திரும்புகிறது. இவ்வளவு சொன்னபடி கேட்டதே இல்லை. ஆனால் நீண்ட நேர்ப்பாதை முடிந்து வலதுபக்கம் வேகமாக வளையும் இடத்தில் – என்ன அது? பின்னால் யாரோ காரைக் கையால் தூக்கிப் பிடித்த மாதிரி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான், வால் வெளியே வந்துவிட்டது. எப்படியோ பிடித்து நேராக்கினேன்.

இறங்கிச் சொன்னேன். "நீ பயந்துகினு காலை எடுத்துட்ட. அதான் சுத்திச்சி" என்றான் அண்ணன்.

"எடுக்கறதுக்கு முன்னாடியே லேசாயிடுச்சுணா."

"டைம் நல்லாதானே வந்திருக்குதும்மா" என்றார் அனந்தகுமார் அண்ணன், சமாதானமாக.

டைம் நல்லாத்தான் வந்தது. அதுதான் பேஜார்.

ஜூன் 15, ஞாயிறு

பயம் என்றால் மெதுவான திருப்பத்தில் ஏன் வரவில்லை?

ஜூன் 18, புதன்

டயர் உரசுகிறதா என்று பார்க்க அண்ணன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேமரா ஒட்டியிருந்தான். அந்த வீடியோவைக் கம்பெனி பஸ்ஸில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேகம் ஏற ஏற டயருக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி விரிகிறது. கார் பின்பக்கம் எழும்புகிறது. நான் கற்பனை செய்யவில்லை.

அப்படியென்றால் டிக்கி மேல் இருக்கிற விங் என்ன செய்துகொண்டிருக்கிறது? பின்பக்கத்தை அழுத்தத்தானே அது?

காற்று எங்கே போகிறது என்று பார்க்க நூல் ஒட்டலாம் என்று படித்தேன். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் அக்காவிடம் கேட்டால் தறியில் மிஞ்சிய பட்டு நூலை அள்ளிக் கொடுத்தார். வழுக்கிக்கொண்டு டேப்பில் நிற்கவே இல்லை. கடைசியில் ஃபேன்ஸி ஸ்டோரில் சிவப்பு உல்லன் வாங்கினேன். "காருக்கு ஸ்வெட்டர் பின்றியா?" என்று கேட்டார் அக்கா.

ஜூன் 22, ஞாயிறு

பைபாஸில் அனந்தகுமார் அண்ணன் நிதானமாக ஓட்டினார். நாங்கள் இருவரும் பின்னால் இன்னொரு காரில். டேனி ஓட்ட, நான் போனில் படம் பிடித்தேன்.

கூரை மேல் ஒட்டிய நூல்கள் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடந்தன. பின்கண்ணாடிக்கு வந்ததும் சுருண்டு, ஆடி, சிலது முன்பக்கமாகவே திரும்பின. விங் நிற்பது சரியாக அந்தக் குழப்பத்துக்கு நடுவில். அதற்கு நல்ல காற்றே போகவில்லை. முன்னால் நீள நாக்கு அழுத்துகிறது, பின்னால் ஒன்றுமே இல்லை. தராசில் ஒரு தட்டு மட்டும்.

ஷெட்டில் இரண்டு வீடியோவையும் காட்டினேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"இருபத்தெட்டு முடியட்டும். அப்புறம் விங்கைத் தூக்கி மாட்டலாம்."

"உதயா காரு? அதுல விங்கே இல்ல."

"அவன் ரோட்டுல ஓட்டறான். இன்னா வேகம் போயிடப் போறான்?"

உதயா போட்டிருந்த ரீலைக் காட்டினேன். ஆம்பூர் பக்கம், ஹைவே, ஸ்பீடாமீட்டர் முள் நான் ட்ராக்கில் பார்க்கிற இடத்தில். அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"அது அவன் கொழுப்பு."

"நான் போன் பண்ணி கழட்டச் சொல்றேன்."

"சொல்லு. ஷெட்டைப் பூட்டி சாவியையும் அவன் கைலயே குடு. சென்னைக்காரன் காதுக்கு இது போச்சுன்னா எவன் வாங்குவான்? என் பொழப்புல மண்ணைப் போடு, போ."

ஸ்பேனரை விட்டெறிந்தான். என்மேல் இல்லை, சுவர்மேல். இருந்தாலும்.

ஜூன் 23, திங்கள்

உதயா போனை எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன்: "ஸ்ப்ளிட்டர்ல ஒரு சின்ன பிரச்சினை. கூப்பிடுங்க."

'சின்ன' என்று ஏன் எழுதினேன்?

ஜூன் 24, செவ்வாய்

பஸ்ஸில் இருக்கும்போது கூப்பிட்டான். "காரு செம்மையா கீதுக்கா. அடுத்த வாரம் ஆரணி வரேன், பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் வேகமா போகாதீங்க."

"எங்க அகல்யா மாதிரியே பேசறீங்க" என்று சிரித்தான். அகல்யா அவன் மனைவி. சுற்றிலும் கம்பெனி ஆட்கள். கழட்டுங்கள் என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. அண்ணன் முகம் கண்ணுக்குள் வந்தது. அடுத்த வாரம் வருகிறானே, நேரில் சொல்லிவிடலாம் –

யாருக்குச் சமாதானம் சொல்கிறேன்?

ஜூன் 28, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சென்னைக்காரர்கள் வந்திருந்தார்கள், குனிந்து குனிந்து நாக்கைப் போட்டோ எடுத்தார்கள். அண்ணன் அவர்களோடு பேசிக்கொண்டே இருந்தான், என் பக்கம் திரும்பவே இல்லை. பிராக்டிஸ் சுற்றில் பக்கத்து சீட்டில் ஒருவர் உட்காரலாம். ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"வா. உக்காந்து பாரு. அப்புறம் பயம்னு சொல்லு."

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. ஏறினான்.

முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதை. அந்த வலது வளைவு வந்தது, பின்பக்கம் எழும்பியது. எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கும். நான் காலை எடுக்கவில்லை. இம்மிகூட எடுக்கவில்லை. ஸ்டியரிங் காற்றில் சுற்றுகிற மாதிரி ஆகிவிட்டது, அப்புறம் வானம், புல், டயர் அடுக்கின சுவர், மறுபடி புல். கார் பின்பக்கமாகவே சரளையில் போய் நின்றது. சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். அவ்வளவுதான்.

தூசி. எஞ்சின் நின்றுவிட்டது. ஏசுவே ஏசுவே என்று சொல்லிக்கொண்டிருந்தது நான்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"நீ காலை எடுக்கல" என்றான் அண்ணன். என் காலையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"எடுக்கல."

பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல், "உதயாவுக்குப் போன் போடு" என்றான். "ஜல்தி."

அகல்யாதான் எடுத்தாள். ஒரு போனை வீட்டில் வைத்துவிட்டு, இன்னொன்றோடு போயிருக்கிறான். "காலையிலயே பெங்களூர் கிளம்பிட்டாருங்க. அந்தப் பக்கம் நல்ல மழைன்னு சொன்னாரு. ஏங்க, என்னாச்சு?"

அந்த இன்னொரு நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

ஜூன் 29, ஞாயிறு

வாணியம்பாடி தாண்டி, ரோட்டு நடுவில் இருக்கிற சுவரில் உதயா கார் இடித்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. வேறு யாருக்கும் அடியில்லை. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு.

ட்ராக்கில் எங்கள் கார் சுற்றியதற்கு முன்பா, பின்பா? அண்ணன் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். முன்புதான். அப்போது போன் செய்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால்?

ஜூலை 1, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

உதயாவின் அம்மா கன்னியம்மாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். "மழைல இன்னாடா அவ்ளோ வேகம்? பொண்டாட்டி மொகத்தப் பாருடா."

"என் தப்புதாங்கண்ணா" என்றான் உதயா, எங்களைப் பார்த்ததும். "வளைவுல தண்ணி. பிரேக்கு கூட பிடிக்கல, காலை எடுத்தேன், அவ்ளோதான். சுத்திகினு போயிடுச்சி. நீங்க போட்டுக்குடுத்தது வீணாயிடுச்சேன்னுதான் –"

மன்னிப்புக் கேட்கிறான். எங்களிடம்.

அங்கேயே முடிந்திருக்கும். மழை என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் சும்மா இருந்துவிடுவான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இருந்துவிட மாட்டானா என்றும் ஒரு நொடி நினைத்தேன்.

"மழை மட்டும் இல்ல, உதயா" என்றான். "நான் மாட்டினது முன்னாடி மட்டும் அமுக்குது. வேகத்துல பின்சக்கரம் லேசாயிடும். அதான் காலை எடுத்ததும் சுத்திச்சி. எங்க காரும் சுத்திச்சி."

உதயா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். அப்புறம், "எப்ப தெரியும்?"

"இதோ, டயானா மொதல்லயே சொன்னா. எனக்கு ஒரு வாரமா தெரியும். இருபத்தெட்டு முடியட்டும்னு இருந்தேன்."

அகல்யா என்னைப் பார்த்தாள். போனில் சிரித்தது அவன்தான், சிரிக்க விட்டது நான். "செவ்வாக்கிழமை போன்ல நானும் சரியா சொல்லலங்க" என்றேன்.

"வெளிய போங்க" என்றார் கன்னியம்மாள். சத்தம் போடக்கூட இல்லை.

திரும்பும் வழியில் அண்ணன் கண்ணமங்கலத்தில் டீக்கு நிறுத்தினான். இரண்டு டீயும் அப்படியே ஆடை கட்டிவிட்டன.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணன் தானே வீடியோ எடுத்துப் போட்டான். நூல் ஆடுவது, இடைவெளி விரிவது, நாங்கள் சுற்றியது எல்லாம். "என்கிட்ட வாங்கினவங்க கழட்டிடுங்க, நானே வந்து கழட்டித் தரேன்" என்று. சென்னைக் கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நாள் முழுக்க போனில் திட்டு. கேஸ் வந்தாலும் வரட்டும் என்கிறான்.

அனந்தகுமார் அண்ணன் வந்தார். காரை எடுத்துக்கொண்டு போகத்தான் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் அதைச் சுற்றி வந்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும். சரியா பண்ணுங்க, அவசரம் இல்ல" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆரணி, செய்யார், போளூர் – விற்றதெல்லாம் கழட்டியாகிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாக்கைக் குட்டையாக வெட்டினோம். விங்கைக் கூரை உயரத்துக்குத் தூக்கி, பின்னால் தள்ளி மாட்டினோம். பார்க்க அசிங்கம், துணி காயப்போடுகிற கம்பி மாதிரி. ஆனால் அதன்மேல் ஒட்டிய நூல் ஆடாமல் கிடக்கிறது.

மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. உதயா, கையில் ஊன்றுகோல். அண்ணன் எழுந்து நின்றான், நாற்காலியை நகர்த்தினான், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி நகர்த்தினான்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சிக்காதீங்க" என்றான் உதயா. "கால் இன்னும் நோவுது. அம்மாவுக்கு நான் இங்க வந்ததே தெரியாது."

"சரி" என்றான் அண்ணன்.

உதயா விங்கையே பார்த்தான். "இத வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இல்ல. ட்ராக்ல இன்னும் பாக்கல."

"பாக்கறப்ப சொல்லுங்க. நான் வரணும்."

டிசம்பர் 13, சனி

ட்ராக். பனி விலக நேரமானது.

உதயா வந்தான். இப்போது ஊன்றுகோல் இல்லை, கொஞ்சம் இழுத்து நடக்கிறான். பின்சக்கரக் கேமராவை அவன்தான் ஒட்டினான், டேப்பை இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். அண்ணன் நட்டுகளை மறுபடி முடுக்கினான். இரண்டு பேரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேர்ப்பாதையில் முன்பைவிட வேகம் குறைவு. அந்த விங் காற்றில் பின்னுக்கு இழுக்கிறது. வலது வளைவு வந்தது. திருப்பினேன். பின்பக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுத்த சுற்றில் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன். கார் லேசாக உள்ளே சாய்ந்தது, போய்க்கொண்டே இருந்தது.

ட்ராக் ஓரத்தில், கார்களை நிறுத்திப் பார்க்கிற பிட்டுக்கு வந்து நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் கேமராவைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணனும் உதயாவும் ஒரே போன்மேல் குனிந்து நின்றார்கள், வெயில் படாமல் உதயா கையால் மறைத்துக்கொண்டு. "இங்க நிறுத்து, இங்க" என்றான் ஒருவன். "இல்ல, இன்னும் முன்னாடி போ" என்றான் மற்றவன்.

எப்படி இருந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நின்றேன்.